இரண்டாவது சாவி

ஹால்ஸ்டன் சர்க்கரை ஆலையின் பழுதுபார்க்கும் பட்டறைக்குள் நுழைகிற யாரும் கதவு நிலையின் மேலே தொங்கும் சிவப்புப் பூட்டை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தட்டும்போது, "இன்னிக்கு நான் டோபி இல்ல" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் நுழைந்தால் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கத்தித் திருப்பி அனுப்புவார்கள். ஒருமுறை மேலாளரையே அனுப்பியிருக்கிறார்கள்.

டோபி அங்கே அப்ரண்டிஸாக இருந்தவன். நான்கு வருடங்களுக்கு முன், கரும்பை ஏற்றிச் செல்லும் சங்கிலிப் பாதைக்குள் இறங்கியபோது, சுவிட்சில் தன் பூட்டைப் போட மறந்துவிட்டானாம். பாதை ஓடியது. இடது கை முழங்கைக்கு மேலோடு போனது. பட்டறையில் பூட்டுகளை மாட்டிவைக்கும் பலகையில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த அவன் பூட்டை எடுத்து வந்து, கதவு நிலையில் ஒரு வளைய ஆணி அடித்து, அதில் மாட்டிப் பூட்டியவர் லைல் பரோஸ். பட்டறையின் மூத்த ஃபிட்டர். மிரெல்லா வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அந்தக் கதையை அவர்தான் சொன்னார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது.

"அவனத் தூக்கிட்டு வந்தது நான்தான், குள்ளி. என் சட்டை பூரா அவன் ரத்தம். ஒரு பூட்டு. அத மாட்ட மூணு செகண்டு. போடாம போயிட்டான் பாவி."

குள்ளி என்றால் மிரெல்லா போனெட்டி. ஆறடி ஓரங்குலம். அந்த ஊர் வழக்கம் அப்படி. நெட்டை என்றால் குள்ளி, மொட்டைத் தலை என்றால் சுருட்டை. கொப்புளம் என்று ஒருவன் இருந்தான், அவனுடைய உண்மைப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். வேலையெல்லாம் முடிந்த பிறகு தோன்றுவதால் அந்தப் பெயர்.

நான்கு வருடப் பயிற்சியில் மிரெல்லாவுக்குப் பத்து மாதம் பாக்கி. அது முடிந்து சான்றிதழ் கைக்கு வந்தால் ஃபிட்டர். அவளுக்கு அதைத் தவிர வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவள் அப்பாவின் கரும்பு வயலும் வேண்டாம், டவுன்ஸ்வில் நகரத்து அலுவலக நாற்காலியும் வேண்டாம். தேய்ந்த பேரிங்கைக் காது வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும், இயந்திரத்தின் தண்டும் தண்டும் நூல் பிடித்தாற்போல் நேராக நிற்க வேண்டும், அதை நான் செய்தேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதையெல்லாம் லைல்தான் சொல்லிக்கொடுத்தார். ஸ்பேனரைப் பிடுங்காமல், பொறுமையாக, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். மற்ற பட்டறைகளில் அப்ரண்டிஸ்களைத் தரை பெருக்க விடுவார்கள் என்பதால் மிரெல்லா தன்னை அதிர்ஷ்டசாலி என்றே நினைத்தாள்.

இப்போது சாவி விஷயம். ஆளுக்கொரு சிவப்புப் பூட்டு, அதற்கு ஒரே சாவி, அது அந்த ஆளிடம் மட்டும். இயந்திரத்துக்குள் இறங்குகிறவர்கள் எல்லாரும் சுவிட்சில் தங்கள் பூட்டை மாட்டுவார்கள். கடைசிப் பூட்டு கழலும்வரை எவராலும் இயந்திரத்தை ஓட்ட முடியாது. ஆனால் கடையிலிருந்து வரும்போது பூட்டோடு இரண்டு சாவிகள் வரும். இரண்டாவதை வைஸில் மாட்டி ரம்பத்தால் அறுத்துப் போட்டு, சாட்சியோடு பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். சேர்ந்த முதல் வாரம் மிரெல்லா ரம்பத்தை எடுத்தபோது லைல் சிரித்தார்.

"வெட்டாத. இங்க குடு. அப்ரண்டிஸுங்க பூட்ட சுவிட்சுலயே மறந்துட்டு வீட்டுக்குப் போயிடுவீங்க. அப்புறம் உனக்கு போன் போட்டு, ஆலை பூரா தேடி, மேலாளர் கையெழுத்து வாங்கி... ஒரு மணி நேரம் ஆலை நிக்கும், உன் பேருல ஒரு எச்சரிக்கைக் கடுதாசியும் வரும். என்கிட்ட இருந்தா நானே கழட்டிடுவேன். ஒருத்தருக்கும் தெரியாது."

"பதிவேட்டுல?"

"வெட்டியாச்சுன்னு எழுது. நான் சாட்சி போடறேன்."

எழுதினாள். முதல் வருடத்தில் இரண்டு முறை பூட்டை மறந்துவிட்டு வீட்டுக்குப் போகவும் செய்தாள். இரண்டு முறையும் மறுநாள் காலை பூட்டு பலகையில் இருந்தது. லைல் கண்ணடித்ததோடு சரி. அப்பாவிடம்கூட அவளுக்கு அவ்வளவு நன்றி இருந்ததில்லை.

ஜூலை மாதம். அரைவை உச்சத்தில் இருந்தது. ஆலைக்கு வெளியே கரும்பு வண்டிகள் தண்டவாளத்தில் ஒன்றன் பின் ஒன்றாகக் காத்து நின்றன. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சங்கிலிப் பாதையில் ஒரு குறுக்குத் தகடு பிய்ந்தது. லைலும் மிரெல்லாவும் பூட்டுகளை மாட்டிவிட்டு உள்ளே இறங்கினார்கள். முக்கால் மணி நேரத்தில் தகட்டை மாற்றினார்கள்.

"கடைசி ரெண்டு நட்டுக்கும் முள்ளாணி போட்டுட்டு வா, குள்ளி. நான் போய் அவனுங்க கத்தறத நிறுத்தறேன்" என்று சொல்லிவிட்டு லைல் ஏறிப் போனார்.

நட்டு கழலாமலிருக்கக் குறுக்கே செருகும் அந்த முள்ளாணியில் ஒன்று கைதவறிக் கீழே விழுந்தது. பாதைக்கு அடியிலிருந்த குழிக்குள் குனிந்து, விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு அவள் அதைத் தேடிக்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது. பாதை ஓடப்போகிறது என்பதற்கான சங்கு. மிரெல்லா அசையவில்லை. பக்கத்துப் பாதையாக இருக்கும் என்று நினைத்தாள். என் பூட்டு சுவிட்சில் தொங்குகிறது, எனக்கென்ன பயம்?

அவள் முதுகுக்குப் பின்னால் சங்கிலி இறுகியது.

அதன்பின் நடந்ததெல்லாம் நான்கு விநாடிகள். தகடு அவள் வலது பூட்ஸைக் கவ்வி இழுத்தது. கத்தினாள். விளக்கு வாயிலிருந்து விழுந்தது. பாதை நின்றது. மேலே நடைபாதையில், அவசரக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகம் வெளிறிப்போய் கொப்புளம் நின்றிருந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் நேரத்துக்கு வந்திருந்தான்.

பூட்ஸின் இரும்பு மூக்கு நசுங்கியிருந்தது. பெருவிரல் நகம் போனது. கால் தப்பியது. இரண்டு பேர் தோளில் சாய்ந்து நொண்டிக்கொண்டு வந்த மிரெல்லா முதலில் சுவிட்சைத்தான் பார்த்தாள். பூட்டு இல்லை. பட்டறைக்குள் வந்தபோது அது பலகையில், அவள் பெயருக்கு நேராக, சமர்த்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் சாவி அவள் கழுத்துக் கயிற்றில் இருந்தது.

பாதுகாப்பு அதிகாரி கிளெனிஸ் ஓட்வே, மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றியபடி ஓடி வந்தாள். எதையும் இரண்டு தடவை கேட்கிற பெண்.

"பூட்டு போட்டியா?"

"போட்டேன்."

"போட்டியா?"

"போட்டேன் கிளெனிஸ். சத்தியமா."

கிளெனிஸ் லைல் பக்கம் திரும்பினாள். மிரெல்லாவும் திரும்பினாள். இப்போது சொல்வார், தெரியாமல் கழற்றிவிட்டேன், அவள் வெளியே வந்துவிட்டாள் என்று நினைத்தேன், தப்பு என்னுடையது என்று சொல்வார். அவள் மன்னிக்கவும் தயாராக இருந்தாள். ஆறுதலாக என்ன சொல்வது என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தாள், பைத்தியக்காரி.

லைல் தொப்பியைக் கழற்றினார். "பூட்டு பலகையிலதான் இருந்துச்சு, கிளெனிஸ். அவ போடவே இல்ல." குரல் உடைந்தது. "நான் பாத்திருக்கணும். எம்மேலயும் தப்பு இருக்கு. அதே டோபி கதைதான். எத்தன தடவ சொன்னேன் இவகிட்ட."

கண்ணீர் வந்தது. உண்மையான கண்ணீர். இனி அந்த ஆளை 'அவர்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

மதியம் வண்டி நிறுத்துமிடத்தில் மிரெல்லா நொண்டிக்கொண்டே போய் அவனைப் பிடித்தாள். அவன் வண்டிக் கதவைத் திறந்தபடி நின்றான். இடுப்பில் சாவி வளையம் குலுங்கியது.

"ஏன் லைல்? நீங்கதானே கழட்டினீங்க?"

"மெதுவா பேசு. நீ டீ குடிக்கப் போயிட்டேன்னு நினைச்சேன். வழக்கம்போல நீ பூட்ட மறந்துட்டேன்னு நினைச்சேன். நினைச்சது தப்பு. இப்ப அதச் சொன்னா என்ன ஆகும்? நான் ஜெயிலுக்குப் போவேன். உனக்கு என்ன ஆகும்? சாவிய வெட்டியாச்சுன்னு பொய்யா கையெழுத்து போட்டவ நீ."

"நீங்க சொல்லித்தானே போட்டேன்!"

"கையெழுத்து உன்னோடது, நான் வெறும் சாட்சி. இங்க பாரு குள்ளி, உனக்கு இருபத்திமூணு வயசு. இங்க பயிற்சிய ரத்து பண்ணுவாங்க, அவ்வளவுதான். ரெண்டு வருஷம் கழிச்சு வேற ஆலைல திரும்ப ஆரம்பிக்கலாம். எனக்கு அம்பத்தெட்டு. நான் எத ஆரம்பிக்கறது?"

அவன் கணக்கில் அது நியாயமாகவே இருந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். ஒரு நட்டை எந்த அளவு முறுக்க வேண்டும் என்று சொல்லித்தரும் அதே நிதானமான குரலில் சொன்னான்.

"என் கால் போயிருந்தா?"

"போகலயே" என்றான் லைல்.

புதன்கிழமை கிளெனிஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். பூட்டு போட்டதாக நீ அடித்துச் சொல்கிறாய், உன் சாவி உன் கழுத்தில் இருந்தது, அப்படியானால் வேறொரு சாவி இருந்திருக்க வேண்டும், இரண்டாவதை வெட்டியாயிற்றா என்று கேட்டாள். மிரெல்லா கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"பதிவேட்டுல இருக்குமே."

"பதிவேட்டுல இருக்கு. நான் உன்னக் கேக்கறேன்."

கிளெனிஸ் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்துவிட்டு, நாளைக் காலை ஏழு மணிக்கு எல்லார் கருவிப்பெட்டியையும் திறந்து பார்க்கப்போவதாகப் பட்டறையில் அறிவித்தாள்.

அந்தப் பட்டறையில் யாரும் கருவிப்பெட்டியைப் பூட்டுவதில்லை. கூட வேலை செய்கிறவனைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம் அது. மாலை வேலை முடிகிற நேரத்தில் மிரெல்லா தன் பெட்டியைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மூன்றாவது இழுப்பறையில், இடைவெளி அளக்கும் தகட்டுக் கத்தைக்குக் கீழே ஒரு சாவி கிடந்தது. தலையில் அவள் பூட்டின் எண்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் நெஞ்சு குளிர்ந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டார். வெட்கப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்படித்தான் முதலில் தோன்றியது அவளுக்கு. மூன்று வருடப் பழக்கம் ஒரே நாளில் போகுமா?

பிறகு நாளைக் காலை ஏழு மணி ஞாபகம் வந்தது.

நாளைக்கு இது அவள் பெட்டியிலிருந்து எடுக்கப்படும். சாவியை வெட்டாமல் தானே வைத்துக்கொண்டு பொய்க் கையெழுத்துப் போட்டவள், பூட்டையும் போடாமல் பொய் சொல்கிறவள். இனி அவள் என்ன சொன்னாலும் எவன் நம்புவான்? டோபியாவது மறந்தான் என்ற பெயரோடு போனான். அவளைப் பொய்க்காரி என்ற பட்டத்தோடு அனுப்ப ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை அவன் சொன்ன பொய் பயத்தில் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இது பயமில்லை. இதற்கு உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும், ஆள் இல்லாத நேரம் பார்த்திருக்க வேண்டும், எந்த இழுப்பறை என்று தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். மிரெல்லா பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டு வெளியே போனாள்.

வெளியே கை கழுவும் இடத்தில் கொப்புளம் சோப்பு போட்டுக்கொண்டிருந்தான். சாவியை அவன் முன்னால் நீட்டினாள்.

அவன் பார்த்தான். குழாயை மூடவில்லை. "அத ஆத்துல எறிஞ்சிடு."

"எறிஞ்சா நான் பூட்டு போடாதவதான். நீ கயிற இழுத்தியே, சுவிட்சுல என்ன நடந்துச்சுன்னு பாத்தியா?"

"பாக்கல. பாக்கல, ஆனா தெரியும். என்னய விட்டுடு குள்ளி. ரெண்டு பசங்க, வீட்டுக் கடன்." அவன் கையை மறுபடி தேய்த்தான். "என் சாவியும் அந்த வளையத்துலதான் இருக்கு. எல்லாரோடதும். நாங்களும் அவன்கிட்டதானே தொழில் கத்துக்கிட்டோம். நீ ஒருத்திதான் குடுத்தேன்னு நினைச்சியா?"

அப்படித்தான் நினைத்திருந்தாள். அது தனக்கு மட்டும் செய்த உபகாரம் என்று மூன்று வருடமாக நம்பியிருந்தாள்.

வியாழக்கிழமை காலை கதவு நிலைப் பூட்டைத் தட்டிவிட்டு எல்லாரும் உள்ளே வந்தார்கள். மிரெல்லாவும் தட்டினாள். வார்த்தை மட்டும் வரவில்லை. யாரும் திருப்பி அனுப்பவில்லை.

கிளெனிஸ் முதல் பெட்டியைத் திறக்குமுன் மிரெல்லா முன்னால் போய்ச் சாவியை மேசையில் வைத்தாள்.

"இது என் ரெண்டாவது சாவி. நான் வெட்டல. வெட்டினதா பொய்யா எழுதினேன்."

கிளெனிஸ் பலகையிலிருந்து அவள் பூட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். திறந்தது. "இது எங்க இருந்துச்சு?"

"மூணு வருஷம் லைல் இடுப்புல. நேத்துலேருந்து என் டூல்பாக்ஸ்ல."

லைல் தலையை ஆட்டிக்கொண்டான். பாவம் இந்தப் பெண் என்பதுபோல். "எங்கிட்டயா? நான் எதுக்கு அவ சாவிய வச்சுக்கணும்?"

"இடுப்புல இருக்கற வளையத்த எடுத்து மேசைல வை" என்றாள் மிரெல்லா. இந்த மூன்று வருடத்தில் அவனை அவள் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, ஷெட்டு சாவி. இதெல்லாம் எதுக்கு உனக்கு?"

ஐந்து பேர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மிரெல்லா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுவந்து கொடுத்த முகங்கள். அவள் மாட்டிக்கொண்ட குழியை எல்லாரும் பார்த்திருந்தார்கள், இப்போது தங்கள் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போகட்டும், முடிந்தது என்று அவள் நினைத்தபோது பலகைப் பக்கம் ஒரு சத்தம். கொப்புளம் தன் பூட்டைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் டொக்கென்று வைத்தான்.

"இதுலேருந்து ஆரம்பி, கிளெனிஸ்."

லைல் வளையத்தைக் கொடுத்தான். கொடுக்காமல் இருந்தால் இன்னும் மோசம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். கிளெனிஸ் ஒவ்வொரு சாவியாகப் போட்டாள். கொப்புளத்தின் பூட்டு திறந்தது. அடுத்ததும் திறந்தது. ஐந்து பூட்டுகள் வாயைப் பிளந்துகொண்டு மேசையில் வரிசையாகக் கிடந்தன. அவற்றின் சொந்தக்காரர்கள் மிரெல்லாவை முறைத்தார்கள். சாவி வைத்திருந்தவனை யாரும் முறைக்கவில்லை.

அதே அளவில், அதே மாதிரி தலையில் எண் அடித்த சாவி இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. பலகையில் எந்தப் பூட்டுக்கும் சேரவில்லை.

"இது யாரோடது?" என்றாள் கிளெனிஸ்.

"பழைய பூட்டோடது. தொலைஞ்சு போச்சு" என்றான் லைல். சட்டென்று சொன்னான். அதற்குமுன் எதையும் அவன் சட்டென்று சொன்னதில்லை.

மிரெல்லா சாவியைக் கையில் வாங்கி எண்ணைப் பார்த்தாள். பிறகு நொண்டிக்கொண்டே கதவுப் பக்கம் நடந்தாள். தட்டக் கை எட்டும், சாவி போட மற்றவர்களானால் ஸ்டூல் போட வேண்டும். அவள் கையை உயர்த்தினாள், அவ்வளவுதான். நான்கு வருடமாக நூறு கைகள் தட்டித் தட்டிச் சிவப்புச் சாயம் போன அந்தப் பூட்டுக்குள் சாவி போனது. துரு கொஞ்சம் தடுத்தது. திரும்பியது. பூட்டு வளைய ஆணியிலிருந்து கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது.

கொப்புளம் "ஐயோ" என்றான்.

அந்தச் சாவியை லைல் ஏன் எறியவில்லை என்று மிரெல்லாவுக்கு இன்றுவரை புரியவில்லை. மறந்திருக்கலாம். லைலை அன்றே வெளியே அனுப்பினார்கள், விசாரணை பெரிய இடத்துக்குப் போனது. மிரெல்லாவுக்குப் பொய்க் கையெழுத்துக்காக எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பயிற்சி ரத்தாகவில்லை. தேநீர் மேசையில் இப்போது அவளுக்கு யாரும் நகர்ந்து இடம் விடுவதில்லை. கொப்புளம் மட்டும் எதிரில் உட்காருகிறான், அதுவும் தாமதமாக வந்து.

பூட்டையும் சாவியையும் கிளெனிஸ் சாட்சிப் பொருளாக வைத்துக்கொண்டாள். ஆனால் சனிக்கிழமை காலை, எழுத்துபூர்வமாக ஒன்றும் இல்லாமல், மிரெல்லாவின் கையில் கொடுத்து, "திங்கட்கிழம கொண்டாந்துடு. டோபி பாக்கணும்" என்றாள். ஒரே தடவைதான் சொன்னாள்.

டோபி கடற்கரையில் தூண்டில்காரர்களுக்கு இறால் விற்கிறான். மிரெல்லாவும் அவனிடம் வாங்கியிருக்கிறாள். அவன் முகத்தைப் பார்த்து இறால் வாங்கிவிட்டு, மறுநாள் பட்டறைக் கதவில் நான் டோபி இல்லை என்று சொன்னவள்தான். அது நினைவு வந்தபோது அவளுக்குக் கூசியது. அன்றே அவனிடம் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். டோபி ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"மொத மாசம் போட்டேன் போட்டேன்னுதான் சொன்னேன்" என்றான். "ஒருத்தனும் நம்பல. அப்புறம் லைல் ஆஸ்பத்திரிக்கு வந்தான். என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதான். இந்த ஆளே இப்படி அழறான்னா நான்தான் மறந்திருக்கணும்னு தோணிடுச்சு. இப்பக் கண்ண மூடினா, பூட்டு பலகைல தொங்கறது அப்படியே தெரியுது. அத மாட்டாம நான் நடந்து போறதும் தெரியுது." அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். "அப்ப நான் போட்டேனா?"

"போட்டீங்க."

"நிஜமா?"

"நீங்க போட்டீங்க, டோபி. அவன்தான் கழட்டினான்."

பூட்டை வாங்கித் தொடைமேல் வைத்துக்கொண்டு, சாவியை நுழைத்துத் திருப்பப் பார்த்தான். பூட்டு வழுக்கியது. மறுபடி பார்த்தான், மறுபடி வழுக்கியது. பூட்டைப் பிடிக்க ஒரு கை, சாவியைத் திருப்ப ஒரு கை வேண்டும். மிரெல்லா முட்டி போட்டு உட்கார்ந்து பூட்டை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டாள். டோபி திறந்தான், மூடினான், திறந்தான். இறால் வாங்க வந்தவர்கள் காத்து நின்றார்கள்.